நிஜக் கணக்கு

பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளில் என்னிடம் ரசாயனம் படித்து, பிற்பாடு சென்னையில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, கொரோனாவின் இரண்டாவது அலை அடித்த 2021ஆம் ஆண்டில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்த ஒரு பெண், சென்ற ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு வந்திருந்தாள். காவடிக் கூட்டத்தின் அரோகரா கோஷம் தெருமுனை வரையில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியான வேளையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, பரண்மேல் இருந்த பெட்டியை ஒழித்தபோது அகப்பட்டவை என்று சொல்லி, இரண்டு நோட்டுப் புத்தகங்களை என் முன்னால் வைத்தாள். ஒன்று, கல்லூரியின் முத்திரை பொறித்த கெட்டி அட்டை லாக் புக். பயிற்சிக் காலமான ஒரு வருஷத்தில் எந்தெந்தப் பிரிவில் எத்தனை நாள் இருந்தாள், என்னென்ன கைவேலை பழகினாள் என்பதற்கு யூனிட் தலைவர்களின் கையொப்பத்தோடு சாட்சி சொல்வது. மற்றொன்று, பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு அச்சிட்ட, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு.

லாக் புக்கில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. நாற்பது பக்க நோட்டோ வேறு கதை சொல்லிற்று. 'சாம்பிள் எடுத்தது' என்ற தலைப்பின் கீழ், நான்கு கோடுகளை ஐந்தாவது கோட்டால் குறுக்கே வெட்டிக் கட்டுக் கட்டாக எண்ணும் முறையில், மூன்று பக்கம் முழுவதும் கோடுகள்; அதற்குப் பிறகு எண்ணுவதையே விட்டிருந்தாள். 'இறந்த செய்தியை வீட்டாருக்குப் போனில் சொன்னது' என்று மற்றொரு தலைப்பு. அதன் கீழே பதினொரு கோடுகளும் பிறகு வெற்றுக் காகிதமும் இருந்தன. அதற்கு மேல் யாரும் சாகாததால் விட்ட வெற்றிடம் அன்று அது என்பதை அவள் சொல்லாமலே நான் புரிந்துகொண்டேன். 'சுகப்பிரசவம், என் கையால்' என்ற தலைப்பின் கீழே மூன்றே மூன்று கோடுகள்.

லாக் புக்கில் அதே இடத்தில் எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று கேட்டேன். "அது ஆபீசுக்கு, சார். இதுதான் நிஜக் கணக்கு" என்றாள்.

முப்பது வருஷம் உபாத்தியாயராக இருந்தவனுக்கு இந்த வித்தியாசம் புதிதல்ல. சோதனைச் சாலையில் அமிலம் தீர்ந்துபோய், கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலும் வராத வருஷங்களில், செய்யாத உப்புப் பரிசோதனையை முந்தைய வருஷத்து நோட்டைப் பார்த்து எழுதிக் கொண்டுவந்த பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் நானும் சிவப்பு மையால் கையெழுத்திட்டிருக்கிறேன். பிள்ளைகள்மேல் குற்றமில்லை, பரீட்சைக்கு நோட்டு நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி, விதியை நிறைவேற்றும் சாதனம் கைவசமில்லை, ஆகவே ஏடு ஜெயித்தது, வித்தை தோற்றது. ஆனால் உப்பின் நிறம் மாறுவதைக் கண்ணால் பாராத மாணவனால் உலகத்துக்கு விளையும் கேடு அதிகமில்லை. மூன்று பிரசவம் மட்டுமே பார்த்த டாக்டர், ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தன்னந்தனியாக நிற்கும்போது எதிரே மேஜைமேல் கிடப்பது உப்பு அன்று.

பெருந்தொற்றுக் காலத்தில் நாம் பயிற்சி மருத்துவர்களிடமிருந்து உழைப்பை வாங்கினோம் என்பது எல்லாருக்கும் தெரியும். கை தட்டினோம், விளக்கேற்றினோம், ஹெலிகாப்டரிலிருந்து பூவும் தூவினோம். அந்த உழைப்போடு சேர்த்து அவர்களுடைய படிப்பையும் வாங்கிச் செலவழித்துவிட்டோம் என்பதும், அந்தக் கடனை ஏட்டில் தீர்த்துவிட்டு நிஜத்தில் தீர்க்காமல் வைத்திருக்கிறோம் என்பதுமே என் முறையீடு. முருகப்பெருமான் சினம் தணிந்த ஸ்தலம் என்று புராணம் கூறும் ஊரில் குடியிருப்பவன் கோபமாக எழுதுவது அழகல்ல. ஆயினும் கணக்கு வாத்தியாருக்கு அடுத்தபடி கணக்கில் பிசகு பொறுக்காதவன் ரசாயன வாத்தியார்தான்.

நடந்தவற்றைக் கிரமமாக நினைவுகூர்வோம். 2020 மார்ச் 7ஆம் தேதி தமிழ்நாட்டில் முதல் தொற்று உறுதியாயிற்று. 25ஆம் தேதி தேசம் முழுவதும் ஊரடங்கு வந்தது. மருத்துவக் கல்லூரிகளை மூடினார்கள். முதலாண்டு முதல் இறுதியாண்டு வரையிலான பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அதே வளாகத்தில் தங்கியிருந்த ஹவுஸ் சர்ஜன்களும், பி.ஜி. என்று ஆஸ்பத்திரி வழக்கில் சொல்லப்படும் மேற்படிப்பு மாணவர்களும் மட்டும் திரும்பவில்லை. இந்தத் தர்மசங்கடம் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. அதே மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் மருத்துவக் கல்லூரிகள் சங்கம் மாணவர்களை நோயாளிகளிடமிருந்து விலக்கிவைக்கும்படி ஆலோசனை கூறிற்று; இத்தாலியோ தகுதித் தேர்வையே நீக்கிவிட்டு, ஏறத்தாழ 10,000 புதிய பட்டதாரிகளை உடனே பணிக்கு வரும்படி செய்தது. கற்றுக்கொண்டிருப்பவனை ஆபத்திலிருந்து காக்க வேண்டிய பிள்ளை என்று கருதுவதா, ஆபத்தில் உதவ வேண்டிய படைவீரன் என்று கருதுவதா என்ற கேள்விக்கு இரு தேசங்களும் இரு விதமாகவேனும் ஒரு விடை கண்டன. நாமோ, வேலை வாங்கும்போது அவர்களை டாக்டர் என்றும், சம்பளமும் ஓய்வும் கேட்கும்போது மாணவர் என்றும் அழைக்கும் சௌகரியமான மூன்றாவது விடையைக் கண்டுபிடித்தோம்.

இரண்டாவது அலையில் இந்தச் சௌகரியம் உத்தரவாகவே வந்தது. 2021 மே 3ஆம் தேதி மத்திய அரசு, மேற்படிப்புக்கான நீட் தேர்வைக் குறைந்தது நான்கு மாதம் தள்ளிவைப்பதாகவும், ஹவுஸ் சர்ஜன்களைப் பேராசிரியர்களின் மேற்பார்வையில் கொரோனாப் பணியில் ஈடுபடுத்தலாம் என்றும், இறுதியாண்டு மாணவர்களைத் தொலைபேசி ஆலோசனைக்கும் லேசான நோயாளிகளைக் கண்காணிப்பதற்கும் பயன்படுத்தலாம் என்றும் அறிவித்தது. நூறு நாள் பணி முடித்தவர்களுக்கு அரசு வேலை நியமனங்களில் முன்னுரிமையும், பிரதமர் பெயரால் ஒரு சேவைப் பாராட்டும் உண்டு என்றது. அதே மாதத்தில் நம் மாநில அரசு பயிற்சி மருத்துவர்களுக்கும் மேற்படிப்பு மாணவர்களுக்கும் 20,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. இவை நல்ல காரியங்கள், குறை கூறமாட்டேன். ஆனால் பாராட்டுக்காக நூறு நாளை ஒவ்வொன்றாக எண்ணத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அந்த நூறு நாளில் அவர்கள் கற்காமல் விட்ட நாட்களை எண்ண வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை?

மே 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று, உச்சம் அதுவே. சென்னையின் பெரிய ஆஸ்பத்திரி வாசல்களில் 108 ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்ற காட்சியை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த வரிசைக்குள் இறங்கி, வண்டிக்கு வண்டி ஏறி, விரலில் கருவியை மாட்டிப் பிராணவாயு அளவைப் பார்த்து, யாரை முதலில் உள்ளே எடுப்பது என்று குறித்துக்கொண்டு வந்தவர்களில் பெரும்பகுதி இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதுப் பிள்ளைகள். கவச உடைக்குள் போய்விட்டால் ஆறு மணி நேரத்துக்குத் தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது. கண்ணாடியில் ஆவி படிந்து ஊசி குத்த வேண்டிய நரம்பு தெரியாது. உடைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்றுகூட விளங்காததால், முதுகில் மார்க்கர் பேனாவால் பெயரை எழுதிக்கொள்வார்களாம். "எங்க வார்டுல ஒரு தாத்தா, நெசவுக்காரர். 'உன் முதுகுல எழுதியிருக்கிறதை வெச்சுத்தாம்மா உன்னைக் கண்டுபிடிக்கிறேன், ஒருதரம் முகத்தைக் காட்டேன்'னு தினமும் கேட்பார். டிஸ்சார்ஜ் ஆகிறன்னிக்குக் காட்டுறேன் தாத்தான்னு சொல்லியிருந்தேன்" என்று சொன்னவள், அந்தக் கதையை அங்கேயே நிறுத்திவிட்டு, காபி ஆறிவிட்டதென்று டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

இப்போது படிப்பின் கணக்குக்கு வருகிறேன். அவர்கள் காலத்து விதிப்படி, ஹவுஸ் சர்ஜன் என்ற பன்னிரண்டு மாதம், மனம்போனபடி வேலை வாங்குவதற்கென்று ஏற்பட்டதன்று. பொது மருத்துவம் இரண்டு மாதம், அறுவை இரண்டு மாதம், மகப்பேறு இரண்டு மாதம், சமூக மருத்துவம் இரண்டு மாதம், குழந்தை மருத்துவம் ஒரு மாதம், எலும்பு மருத்துவம் ஒரு மாதம், கண், காது மூக்குத் தொண்டை, அவசரப் பிரிவு முதலியவற்றில் பதினைந்து பதினைந்து நாள் என்று, புத்தகத்தில் படித்த ஒவ்வொன்றையும் கையால் ஒருதரம் தொட்டுப் பார்க்கும்படி வகுத்த ஏற்பாடு அது. பெருந்தொற்று இந்தப் பன்னிரண்டு மாதத்துப் பாகுபாட்டைக் கலைத்து, எல்லாப் பிரிவையும் ஒரே பிரிவாக்கிற்று. அறுவைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவனும் கொரோனா வார்டில். கண் பிரிவுக்குப் போக வேண்டியவளும் கொரோனா வார்டில். அவசரமில்லாத அறுவைகளைத் தள்ளிவைக்கும்படி 2020 மார்ச்சிலேயே ஆலோசனை வந்துவிட்டது. தொற்றின் உச்சமான பன்னிரண்டு வாரத்தில் உலகம் முழுவதும் சுமார் 2.8 கோடி அறுவைகள் ஒத்திப்போடப்படும் என்று சர்வதேச ஆய்வுக்குழு ஒன்று அதே வருஷம் மே மாதத்தில் கணித்தது. ஒவ்வொரு அறுவை மேஜையைச் சுற்றியும், கத்தி பிடிப்பவரைத் தவிர, கொக்கி பிடித்துத் தசையை விலக்கிக்கொண்டு கண்ணால் கற்கும் இளம் டாக்டர் ஒருவரோ இருவரோ நிற்பார்கள். ஒத்திப்போன அறுவை நோயாளிக்குப் பிறகு நடந்திருக்கலாம். ஆனால் அன்று அங்கே நிற்க வேண்டியிருந்த மாணவர் அதற்குள் படிப்பு முடிந்து போயிருப்பார்.

கீழ் வகுப்புகளின் கதை இன்னும் சூட்சுமமானது. மனப்பாடத்தைக் குறைத்துக் கைத்திறனுக்கு முதலிடம் கொடுக்கும் புதிய பாடத்திட்டம் 2019 ஆகஸ்டில்தான் எம்.பி.பி.எஸ். படிப்பில் அமலுக்கு வந்தது. அதன் முதல் வகுப்பினர் முதலாண்டைப் பூர்த்தி செய்யுமுன்பே கல்லூரி மூடப்பட்டு, கைத்திறனைச் செல்போன் திரையில் கற்கும் நிலைக்கு ஆளானார்கள். அதற்கு அடுத்த வகுப்போ, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு என்று 2020இல் நம் மாநிலம் இயற்றிய சட்டத்தினால் முதன்முதலாக உள்ளே வந்த பிள்ளைகளைக் கொண்டது. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்துத் தறிக்காரர் வீடுகளில், தறிச் சத்தம் கேட்காத மூலையைத் தேடி மொட்டைமாடிக்கு ஏறி, சிக்னல் வரும் இடத்தில் குடை பிடித்துக்கொண்டு உடற்கூற்றியல் படித்த பிள்ளை எப்படிப்பட்ட தொடக்கத்தைப் பெற்றிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். தலைமுறையிலேயே முதன்முதலாக டாக்டர் படிப்புக்குப் போனவர்களுக்கு விதி வைத்த முதல் பரீட்சை அது.

மேல் வகுப்பில் நேர்ந்ததோ கண்கூடான அநியாயம். 2021 ஏப்ரல் 18ஆம் தேதி நடக்க வேண்டிய மேற்படிப்பு நீட் தேர்வு செப்டம்பர் 11ஆம் தேதிதான் நடந்தது. இட ஒதுக்கீட்டு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தபடியால், 2022 ஜனவரி 7ஆம் தேதி தீர்ப்பு வந்து, 12ஆம் தேதிதான் கலந்தாய்வு ஆரம்பமாயிற்று. வழக்கமாக மூன்று ஆண்டு மாணவர்களும் சேர்ந்து சுமக்கும் வார்டுச் சுமையை, முதலாண்டு என்று ஒன்று வராமலே போனதால், இரண்டு ஆண்டு மாணவர்கள் ஏறத்தாழ ஒரு வருஷம் சுமந்தார்கள். டெல்லியில் 2021 டிசம்பரில் அவர்கள் தெருவில் இறங்கியது சம்பள உயர்வு கேட்டன்று. கூட வேலை செய்ய ஆள் அனுப்புங்கள் என்று கேட்டே. இதற்கு முன்பு அதே வருஷம் ஜூனில், கொரோனாப் பணியால் படிக்க முடியவில்லை, தேர்வில்லாமல் தேர்ச்சி தாருங்கள் என்று இறுதியாண்டு மேற்படிப்பு மாணவர்கள் சார்பில் போன மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அது சரியான தீர்ப்பு என்பதே என் அபிப்பிராயம். நோயாளியின் உயிரைக் கையில் வாங்கப் போகிறவர் பரீட்சைக்கு உட்படத்தான் வேண்டும். ஆனால் பரீட்சையை மன்னிக்க முடியாது என்று சொன்ன தேசம், அந்தப் பரீட்சைக்கு உரிய பயிற்சியையும் அவகாசத்தையும் திரும்பக் கொடுத்திருந்தால்தான் தராசின் இரு தட்டும் சமமாக நின்றிருக்கும்.

உடம்பின் அயர்வு தூங்கினால் தீரும். மனத்தின் அயர்வு அப்படித் தீர்வதில்லை. 2020 ஏப்ரல் 19ஆம் தேதி சென்னையில் நரம்பு அறுவை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் தொற்றால் காலமானபோது, அவரை அடக்கம் செய்யப் போனவர்களைக் கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கியதையும், நள்ளிரவில் சக மருத்துவர் ஒருவரே மண்ணைத் தள்ளிக் குழியை மூட நேர்ந்ததையும் தமிழ்நாடு மறந்திருக்காது. மூன்றே நாளில் மத்திய அரசு 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்கிக் கொடுங்காயம் விளைவித்தால் ஏழு ஆண்டு வரையில் சிறை என்றது. மாநில அரசும் அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு மூன்று ஆண்டு வரையில் சிறை என்று அவசரச் சட்டம் பிறப்பித்தது. சட்டம் வந்தது, ஆனால் அந்த ராத்திரியில் விடுதி அறையில் படுத்துக்கொண்டு அந்தச் செய்தியைப் போனில் படித்த இருபத்துமூன்று வயதுப் பிள்ளைக்கு, நாளை நானும் செத்தால் எனக்கும் இதுதானா என்று தோன்றிய கேள்வியை எந்தச் சட்டம் அழிக்கும்? என் மாணவிக்கு அவள் தாயார் வாரம் ஒருமுறை இங்கிருந்து எலுமிச்சஞ்சாதமும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரிக் கேட்டில் வைத்துவிட்டு, இருபதடி தள்ளி நின்று கையை ஆட்டிவிட்டு வருவாள். பெண் முகக்கவசத்துக்குள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்குத் தெரியாது.

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024இல் கொடுத்த அறிக்கை, இந்த அயர்வு பெருந்தொற்றோடு பிறந்ததுமன்று, அதோடு போனதுமன்று என்பதைக் காட்டுகிறது. அதன் இணையவழி ஆய்வில் பதில் கூறிய எம்.பி.பி.எஸ். மாணவர்களில் ஏறத்தாழ 28 சதவீதத்தினர் தங்களுக்கு மனநலக் கோளாறு உண்டு என்றார்கள். மேற்படிப்பு மாணவர்களில் 31 சதவீதத்தினர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டு என்றார்கள். வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேலும், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலும் வேலை கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992ஆம் ஆண்டிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் கழித்து, 74 என்பதை ஒரு சலுகையாகக் கேட்க வேண்டியிருக்கிறதென்றால், நடைமுறை அதையும் தாண்டிப் போயிருக்கிறது என்பதே பொருள். இங்கேயும் இரண்டு நோட்டுப் புத்தகங்கள்தாம்: 48 என்பது ஆபீசுக்கு, 74ஐயும் கடந்தது நிஜக் கணக்கு.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, என் வயதுள்ள டாக்டர் நண்பர்கள் இரண்டு ஆட்சேபம் சொல்கிறார்கள். நாங்களும் முப்பத்தாறு மணி நேரம் தூங்காமல் வேலை பார்த்து வந்தவர்கள்தாமே என்பது ஒன்று. தாம் பட்ட கஷ்டத்தை மரபாக்கி அடுத்த தலைமுறைக்கு ஆஸ்தியாக எழுதிவைப்பது மாமியார் நியாயம்; அதற்கு மேல் அதற்குப் பதில் தேவையில்லை. இரண்டாவது ஆட்சேபம் கனமானது: பெருந்தொற்றைவிடச் சிறந்த ஆசிரியர் யார்? மூச்சுத்திணறலையும் பிராணவாயுவையும் வென்டிலேட்டரையும் பற்றிப் பத்து வருஷத்தில் கற்பதை அவர்கள் பத்து வாரத்தில் கற்றார்களே என்பது.

இது மெய்தான். இதற்குச் சரித்திரத்தில் ஓர் உன்னதமான சான்றும் உண்டு. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவி, மூச்சுத்தசை செயலிழந்த குழந்தைகள் நாள்தோறும் வந்து குவிந்தபோது, மயக்கவியல் நிபுணர் ப்யோர்ன் இப்சன் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்துக் கையால் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்கும் உபாயத்தைக் காட்டினார். அமுக்குவதற்குச் சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, இரவும் பகலும் குழந்தைகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற சாஸ்திரமே அந்தக் கைகளிலிருந்து பிறந்தது என்பார்கள். ஆபத்தில் கற்பதன் மகிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே நோயைப் பத்தாயிரம் தரம் பார்த்தவர் அந்த நோய்க்குப் பண்டிதராகலாம். ஊர் டாக்டர் ஆகிவிட முடியாது. சென்னை–திருப்பதிச் சாலையில் லாரி மோதிக் கால் நசுங்கினவன், கரும்புத் தோட்டத்தில் பாம்பு தீண்டினவள், ஆந்திரத்து நகரியிலிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு பிரசவ வலியோடு வண்டி ஏறினவள் என்று எங்கள் எல்லைப்புற ஊருக்கு வரும் நோயாளிகள், கொரோனா வார்டில் கற்ற வித்தையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது.

திருத்தணி மலைக்கு 365 படிகள், வருஷத்துக்கு நாளைப் போல. ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் அதே ஒரு வருஷந்தான். ஆங்கில வருஷம் பிறக்கும் முந்தின ராத்திரி, படி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமமிட்டுக் கற்பூரம் ஏற்றி, படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு ஏறும் படித் திருவிழாவை நான் சிறுபிள்ளை முதல் பார்த்து வருகிறேன். அந்த ஊர்வலத்தில் ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குப் போனவரைக் கண்டதில்லை. படி ஏற முடியாதவர்களுக்கு வண்டி போகும் பாதை இருக்கிறது. கார் ஏறிப் போனாலும் அதே முருகன்தான் தரிசனம் தருவான். பக்திக்கு அந்தச் சலுகை உண்டு. வைத்திய வித்தைக்கு அந்தப் பாதை கிடையாது. நூறு படியை விட்டுவிட்டு மேலே போனவரிடம், நீ உச்சிக்கு வந்துவிட்டாய் என்று சான்றிதழ் கொடுத்துவிடலாம். விட்டுப்போன படி ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளி பிற்பாடு வந்து உட்கார்ந்திருப்பார்.

இந்த ஊரில் 1888ஆம் ஆண்டு பிறந்த ஒருவர், ஆசிரியராக வாழ்ந்து குடியரசுத் தலைவராக உயர்ந்தவர், 1948–49இல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்தார். டாக்டர் ராதாகிருஷ்ணன் குழு மருத்துவக் கல்விக்கும் சில விதிகளைக் கூறிற்று: சேர்க்கும் மாணவன் ஒருவனுக்குப் பத்துப் படுக்கை இருக்க வேண்டும், கிராம நிலையங்களில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பவை அவற்றுள் இரண்டு. பத்துப் படுக்கை என்பது மரக்கட்டில்களின் எண்ணிக்கை அன்று. பத்து விதமான நோயாளி என்பதே அதன் தாத்பரியம். பத்துப் படுக்கையிலும் ஒரே நோய் படுத்திருந்த காலத்தில் மாணவனுக்குக் கிடைத்தது ஒரு படுக்கைதான்.

பரிகாரம் கடினமானதன்று. முதலாவது, 2020 முதல் 2022 வரையில் பயிற்சி முடித்தவர்கள், இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் பொறுப்பில் இருக்கிறார்கள். அவர்களிடம் நிஜக் கணக்கைக் கேட்க வேண்டும். தண்டனைக்காக அல்ல, உனக்கு எது விட்டுப்போயிற்று என்று அன்போடு கேட்பதற்காக. விட்டுப்போனதை முழுச் சம்பளத்தோடு, நான்கு வாரமோ ஆறு வாரமோ, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்குப் புதிதாக ஒன்றையும் கட்ட வேண்டியதில்லை. மேற்படிப்பு மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரிய வேண்டும் என்று 2020இல் வந்த விதி ஏற்கெனவே அமலில் இருக்கிறது. திருவள்ளூர் ஆஸ்பத்திரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றுக்கு உரியதாகிவிடவே, மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற ஸ்தானம் எங்கள் திருத்தணிக்கு வந்திருக்கிறது. இரு மாநிலத்து நோயாளிகளும் வந்து சேரும் இந்த இடத்தைவிடப் பலதரப்பட்ட பாடசாலை எங்கே கிடைக்கும்?

இரண்டாவது, அடுத்த தொற்று வருமுன்பே, ஆள் பற்றாதபோது பயிற்சி மருத்துவர்களை எத்தனை நாள் வரையில் ஒரே வார்டில் நிறுத்தலாம், அந்த நாட்களை எப்போது ஈடு செய்வது, அதுவரையில் தங்குமிடமும் ஊதியமும் இன்ஷூரன்ஸும் யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் வகுத்துவிட வேண்டும். வெள்ளம் வந்தபின் அணை கட்டுவது பொதுப்பணித் துறைக்கே அழகல்ல; சுகாதாரத் துறைக்கு எப்படி அழகாகும்? மூன்றாவது, மனம் சோர்ந்தவர், அந்தச் சோர்வு தம்முடைய பரீட்சை மதிப்பெண்ணை எழுதும் கைக்கு எட்டாதபடி, கல்லூரிக்கு வெளியே உள்ள ஒருவரிடம் சொல்லிக்கொள்ள வழி வேண்டும். நான்காவதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது: 1992இல் போட்ட உத்தரவை நிறைவேற்ற வேண்டும்.

செலவாகுமே என்பார்கள். ஆகும். ஆனால் அந்தச் செலவு இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதைக் கொடுப்பவர்தான் வேறு.

அன்று திண்ணையில் நாற்பது பக்க நோட்டை மூடி அவளிடம் நீட்டியபோது, "கடைசிப் பக்கத்தைப் பார்க்கலையே, சார்" என்றாள். திருப்பிப் பார்த்தேன். பிரசவக் கணக்கு அங்கே வேறு மையில் தொடர்ந்திருந்தது. கட்டுக் கட்டாக ஐந்து கட்டு, மேலே இரண்டு தனிக் கோடு. இப்போது அவள் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர். வார விடுமுறை நாட்களில் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்குத் தன் செலவில் பஸ் ஏறிப் போய், அங்குள்ள மூத்த டாக்டரம்மாவின் அனுமதியோடு அருகில் நின்று, பயிற்சிக் காலத்திலேயே கற்றிருக்க வேண்டியதை இப்போது கற்றுக்கொண்டிருக்கிறாள். "மூணு கோட்டை வெச்சுக்கிட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரலை, சார்" என்றாள்.

பழக்கதோஷத்தால் என் கை சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டது. அந்தப் பக்கத்தில் கையெழுத்துக்கென்று கட்டம் இல்லை; இருந்திருந்தாலும் அங்கே கையெழுத்திட வேண்டியவன் நானல்லன். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன்.